வாத்தை விற்க வேண்டாம், தண்ணீரை வெளியே எடுங்கள்

கேள்வி: வீட்டுப் புறக்கடையில் 12 கோழிகளும் 8 வாத்துகளும் வளர்க்கிறேன். வாத்துகளில் 3 ஆண். இரவில் எல்லாம் ஒரே கொட்டகையில் அடைகின்றன. கூளத்தை எத்தனை முறை மாற்றினாலும் சேறாகிவிடுகிறது. கோழிக் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்து போனது. புதிதாக வாங்கிய வாத்துக் குஞ்சுகளுக்கும் கோழிக் குஞ்சுத் தீவனமே போட்டேன். மூன்றாவது வாரத்தில் இரண்டு குஞ்சுகள் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டன. சில பெட்டைக் கோழிகளுக்குப் பிடரியில் இறகு போய்ப் புண்ணாகியிருக்கிறது. வாத்து முட்டைகளோ சேற்றிலும் புதரிலும் கிடக்கின்றன. வீட்டில் வாத்துகளை விற்றுவிடச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வளர்ப்பதே தவறா?

பதில்: தவறில்லை. பகலில் ஒரே இடத்தில் மேயலாம். ஆனால் இரவுத் தங்கலும் தண்ணீரும் தனித்தனியாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால் வந்தவை.

முதலில் குஞ்சுகளின் கால். அது காத்திருக்காது. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி3 உயிர்ச்சத்து, கோழிக் குஞ்சுக்குத் தேவைப்படுவதைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம். கோழிக் குஞ்சுத் தீவனத்தில் அவ்வளவு இருப்பதில்லை. குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும், குஞ்சு நடக்க மறுத்து உட்கார்ந்தே தீவனம் எடுக்கும். நீங்கள் சொல்லும் வயதும் அறிகுறியும் இதனுடன் பொருந்துகின்றன. கிலோவுக்கு 50 கிராம் அளவில், மதுவடிப்பில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் இதற்கு உதவாது. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட இரண்டுக்கும் ஈஸ்ட் மட்டும் போதாது. குடிநீரில் நியாசின் மருந்து கொடுக்கக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் தேறிவிடும். மூட்டு ஒருமுறை வளைந்து இறுகிவிட்டால் நிமிராது. வழுக்கும் தரையிலும் கால் விரியும் என்பதால், காகிதம் விரித்திருந்தால் எடுத்துவிட்டுச் சாக்கு போடுங்கள்.

தீவனத்தில் இன்னொரு ஆபத்து பூசணம். கெட்டுப்போன மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும். வாத்துக் குஞ்சு தாங்காது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அதே மூட்டையை வாத்துக்குப் போடாதீர்கள். முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தையும் குஞ்சுகளுக்கு எட்டாமல் வையுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும். பெரியவற்றுக்கு உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்துவிட்டால் தேவையானது தேவையான அளவு கொத்திக்கொள்ளும்.

இனி ஈரம். வாத்து தீவனத்தை ஒரு வாய் எடுக்கும், தண்ணீருக்கு ஓடும், அலகை அலசும், மீண்டும் தீவனத்துக்கு வரும். அதன் இயல்பு அது. பழக்கி மாற்ற முடியாது. உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைக்கும் என்பதால் அருகில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். கண்ணும் மூக்குத் துளையும் மூழ்கும் ஆழமும் வேண்டும், இல்லையென்றால் கண்ணில் பீளை கட்டும். ஆக, தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. கொட்டகைக்கு வெளியே, தீவனத்திலிருந்து சில அடி தள்ளி, ஓரடி ஆழக் குழி வெட்டிச் சரளைக் கல் நிரப்புங்கள். மேலே கம்பி வலைச் சட்டம் போட்டு, அதன்மேல் தொட்டியை வையுங்கள். சிந்துவது கீழே இறங்கிவிடும். தலை மட்டும் நுழையும்படி பக்கவாட்டில் துளையிட்ட வாளி இன்னும் நல்லது. உள்ளே இறங்கிக் கலக்க முடியாது. கோழிகளுக்கான தண்ணீரை அவற்றின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். வாத்து கலக்கிய நீரைக் கோழி குடிப்பது நல்லதல்ல.

இரவில் கொட்டகைக்குள் தீவனமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வளர்ந்த வாத்து தீவனம் இல்லாதபோது ஓர் இரவு தண்ணீரின்றி இருக்கும். விடிந்ததும் முதல் வேலையாகக் கொடுத்துவிட வேண்டும். குஞ்சுகளுக்கு இந்த விதி பொருந்தாது. கொட்டகையை வலை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். கோழி உயரத்தில் கழியின்மேல் உறங்கும், வாத்து தரையில் படுக்கும். கழிக்குக் கீழே வாத்தை விட்டால் இரவெல்லாம் எச்சம் அதன்மேல்தான் விழும். வாத்து ஒன்றுக்கு மூன்று, நான்கு சதுர அடி ஒதுக்குங்கள்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்துவிட்டால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அப்படியே குனிந்து, பறவையின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். நிற்கும்போது தெரியாத அமோனியா நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். கோழிக் குஞ்சுகளின் ரத்தக் கழிச்சலுக்கும் இந்த ஈரம்தான் துணை. அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி கோழியுடையது, வாத்திடமிருந்து வருவதில்லை. ஆனால் அதன் முட்டைகள் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைய ஈரக் கூளம் வேண்டும்.

பிடரிப் புண்ணுக்கு வருகிறேன். சேவல் மிதித்தால் முதுகில் இறகு போகும், அலகால் பற்றுவதால் பிடரியிலும் ஓரளவு போகும். தலையின் பின்புறமும் கழுத்தும் புண்ணாகியிருந்தால் ஆண் வாத்துகளையும் சந்தேகப்படுங்கள். ஐந்து பெண் வாத்துக்கு மூன்று ஆண் மிக அதிகம். ஐந்தாறு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். துணை கிடைக்காதவை கோழியின் மேல் ஏறும். சேவலுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு என்பதால் பெட்டைக் கோழிக்கு உள்காயம் ஏற்பட்டு இறப்பதும் உண்டு. எனவே விற்றே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஆண் வாத்துகளை விற்றுவிடுங்கள். வாலில் சுருண்ட இறகும் கம்மிய குரலும் இருப்பவை ஆண்; ஊரைக் கூட்டுபவை பெண். பிடிக்கும்போது கோழியைத் தூக்குவதுபோல் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், வாத்தின் கால் எளிதில் பிசகும். உடலோடு அணைத்துத் தூக்குங்கள். புண்பட்ட பெட்டைகளைப் பிரித்து வையுங்கள், இறகடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முட்டைச் சிக்கல்தான் இருப்பதிலேயே எளிது. வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் அதை ஒட்டியும் முட்டையிடும். விடிந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு, காலை ஒன்பது மணிவரை அடைத்து வைத்தால் புதரில் தேட வேண்டியிராது. தரையிலேயே ஒரு மூலையில் வைக்கோல் நிறையப் போட்டுவிடுங்கள். சேறு படிந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவினால் ஓட்டின் நுண்துளை வழியே அழுக்கு உள்ளே இழுக்கப்படும். அப்படிப்பட்ட முட்டையைக் குஞ்சு பொரிக்க அடை வைக்கவும் வேண்டாம்.

அடைக்கோழியின் கீழ் வாத்து முட்டை வைக்கலாம், ஆனால் 21 நாளில் எழுந்துவிடாத கோழியாகப் பார்த்து வையுங்கள். வாத்துக்கு 28 நாள். பொரித்த குஞ்சுகளை உடனே குளத்தில் விடுவது பலரும் செய்யும் தவறு. தாய் வாத்திடமிருந்து இறகில் படியும் எண்ணெய்ப் பூச்சு இவற்றுக்குக் கிடைப்பதில்லை. நனைந்து குளிரில் விறைத்துவிடும். இறகு முளைக்கும்வரை குடிக்க மட்டும் தண்ணீர் போதும்.

நோய் விஷயத்தில் வாத்து ஏமாற்றும். வெள்ளைக் கழிச்சல், பறவைக் காய்ச்சல் கிருமிகளைச் சுமந்தபடியே நலமாகத் திரியும், கோழிகள் மடியும். ஆகவே கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை, முதல் வாரக் கண் சொட்டு மருந்தில் தொடங்கி, முறை தவறாமல் போடுங்கள். வாத்துகளுக்கு வாத்து பிளேக் தடுப்பூசி தனி. புதிதாக எது வாங்கினாலும் நான்கு வாரம் தள்ளி வையுங்கள். வெயில் காலத்தில் தேங்கிய குட்டையை வற்றவிடுங்கள், செத்துக் கிடப்பதை அப்புறப்படுத்துங்கள். அதில் உருவாகும் நஞ்சு வாத்தின் கழுத்தைத் துவளச் செய்துவிடும். ஓரிரு நாளில் பல பறவைகள் சேர்ந்து இறந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பறவையையோ முட்டையையோ யாருக்கும் கொடுக்க வேண்டாம்.