ஐரிஷ் மொழி: கேட்டதும் சொன்னதும்

கே: ஐரிஷ் என்பது அயர்லாந்துக்காரர்கள் இழுத்துப் பேசும் ஆங்கிலம்தானே?

ப: இல்லை, கெல்டிக் குடும்பத்துத் தனி மொழி. ஸ்காட்லாந்தின் கேலிக்கும் மான் தீவின் மாங்க்ஸும் அதன் உடன்பிறப்புகள்.

கே: தமிழருக்குக் கற்பது கஷ்டமா?

ப: சில இடங்களில் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது 'டா ல்யவர் அகம்': இருக்கிறது, புத்தகம், என்னிடம். வினை முதலில் வருவதுதான் நாக்கைத் தடுமாற வைக்கும். ஆம், இல்லை என்று பொதுச்சொற்கள் கிடையாது. 'பசிக்குதா?' என்றால் நாம் 'பசிக்குது' என்கிறோமே, அதுபோல வினையையே திருப்பிச் சொல்வார்கள். எழுத்துக்கூட்டல்தான் மிரட்டும். மெல்லொலியாக மாறும் எழுத்தின் தலையில் முன்பு ஒரு புள்ளி வைத்தார்கள். பிறகு அதற்குப் பதில் 'எச்' சேர்த்தார்கள். 'ஷிவான்' என்ற பெயரின் நடுவில் 'பி'யும் 'எச்'சும் இருப்பது இதனால்தான்.

கே: ஆங்கிலேயர் தடை செய்ததால்தானே இந்த மொழி தேய்ந்து போனது?

ப: பாதிக் கதை. 1366 கில்கென்னிச் சட்டம் அடக்க நினைத்தது ஐரிஷ் பேசத் தொடங்கிவிட்ட ஆங்கிலக் குடியேறிகளை! நிலமும் அதிகாரமும் கைமாறிய பிறகுதான் மொழிக்கு உண்மையான அடி விழுந்தது. 1831இல் வந்த தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சி தொங்கும். ஐரிஷ் பேசினால் அதில் ஒரு கீறல். கீறலை எண்ணி அடி. கீறல் போட்டவர்களில் பெற்றோரும் உண்டு. கப்பலேறப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1845இல் தொடங்கிய பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதிகளைத்தான் அதிகம் வாரிக்கொண்டு போனது. 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுபவர்களாக மிஞ்சியவர்கள் சுமார் 15 லட்சம், நாலில் ஒருவருக்கும் குறைவு.

கே: இப்போது 40 சதவீதம் பேர் பேசுகிறார்களாமே?

ப: இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! 2022 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர் 'பேசத் தெரியும்' என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் 71,968. அதில் கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் ஊர்ப்பகுதிகளில் இருப்பவர்கள் 20,261.

கே: அப்படியானால் பள்ளியில் கட்டாயப்பாடமாக வைத்ததே தோல்வி என்கிறீர்களா?

ப: அப்படிச் சொல்லவில்லை. பள்ளி இல்லாவிட்டால் அந்த 18.7 லட்சமே ஏது?

கே: நழுவாதீர்கள். நூறாண்டு கட்டாயம், பலன் 71,968!

ப: சரி, வம்புக்கு இழுத்துவிட்டீர்கள். பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு ஐரிஷில் தேறியாக வேண்டும் என்ற விதி 1973இலேயே போய்விட்டது. பாடம் மட்டும் இருக்கிறது. மேற்கு அயர்லாந்தில் ஐரிஷ் பேசும் கொனமாராவில் ஒரு கடையில் பார்த்தேன்: பாட்டி பேத்தியிடம் ஐரிஷில் கேட்கிறார், பேத்தி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். எந்தப் பாடத்திட்டம் அதைச் சரிசெய்யும்? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள ஷாஸ் ரோட்டைப் பாருங்கள். சில குடும்பங்கள் முதலில் அடுத்தடுத்து வீடு கட்டிக் குடியேறி வீட்டில் ஐரிஷ் பேசின. அப்புறம்தான், 1971இல், 9 பிள்ளைகளோடு ஐரிஷ்வழிப் பள்ளி.

கே: ஆனாலும் கட்டாயம் என்பது...

ப: போதும் ஐயா, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கே: ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு இடம் உண்டா?

ப: உண்டு. 2007 முதல் ஆட்சிமொழி, 2022 முதல் முழு அளவில்.

கே: 40 சதவீதம் என்றால்...

ப: மேலே பாருங்கள்.

கே: கையில் ஐரிஷில் ஒரு வரி பச்சை குத்தப் போகிறேன். செயலி மொழிபெயர்த்துத் தந்தது சரியா?

ப: குத்தாதீர்கள். முதலில் ஐரிஷ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.