பரோட்டா மாஸ்டரின் முழங்கை வலி: இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. இருபது ஆண்டுகளாகப் பரோட்டா மாஸ்டராக வேலை பார்க்கிறேன். உடன் இருந்தவர் வேலையை விட்டு நின்றதால், ஆறு மாதங்களாகக் கொத்து பரோட்டாவும் நானே போடுகிறேன். நான்கு மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டீ கிளாஸைக்கூடத் தூக்க முடியவில்லை. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டதில் ஐந்து வாரம் வலி இல்லை. பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. எலும்பு தேய்ந்துவிட்டதா? இன்னொரு ஊசி போடலாமா? இந்த வேலையையே விட வேண்டுமா?

மருத்துவர் பதில்: நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், இது எலும்புத் தேய்மானமாகத் தெரியவில்லை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் ஏற்படும், 'டென்னிஸ் எல்போ' என்று அழைக்கப்படும் பாதிப்பாகவே இருக்க வேண்டும். 2004இல் சச்சின் டெண்டுல்கரைப் பல ஆட்டங்களில் விளையாட விடாமல் செய்ததும் இதுதான். ஆனால் என்னிடம் இந்த வலியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. கொத்தனார்களும் தச்சர்களும் தையல்காரர்களும் துணி துவைத்துப் பிழியும் பெண்களுமே அதிகம்.

பிடிக்கும் வேலையை விரல்களை மடக்கும் தசைகள்தானே செய்கின்றன, வெளிப்பக்கம் ஏன் வலிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கி வைத்துக்கொண்டு விரல்களை இறுக்கி மூடிப் பாருங்கள். பிடியில் வலுவே இருக்காது. எதையும் இறுகப் பிடிக்க வேண்டுமானால், மணிக்கட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து அசையாமல் நிறுத்தும் தசைகள் கூடவே வேலை செய்தாக வேண்டும். அந்தத் தசைகளின் நாண்கள் ஒன்றுசேர்ந்து ஒட்டியிருக்கும் இடம்தான் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனை. மாவை அடித்து வீசும்போதும், இரண்டு கரண்டிகளையும் இறுகப் பற்றிக் கல்லில் கொத்தும்போதும் ஒவ்வொரு அடியின் அதிர்வும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது மெதுவாகத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருபது ஆண்டுகள் தாங்கிய கை இப்போது தாங்காமல் போனதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒருவர் வேலையை இருவர் அளவுக்குத் திடீரென்று ஏற்றிக்கொண்டபோது, நாணில் உண்டான நுண்ணிய சிதைவுகள் ஆறுவதற்கு முன்பே அடுத்த நாள் வேலை தொடங்கிவிட்டது. நாள்பட்ட நிலையில் அங்கே பெரிதாக அழற்சி, அதாவது வீக்கமும் சிவப்பும், இருப்பதில்லை. நாணுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதையே காண்கிறோம். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி வலியை மட்டும் சில வாரங்களுக்கு அடக்கிவிட்டு, நாணை முன்பிருந்த நிலையிலேயே விட்டுவிடுவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 165 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது; மருந்தில்லா ஊசி போடப்பட்டவர்களில் அது 12 சதவீதம் மட்டுமே. ஆகவே இன்னொரு ஊசி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தெரியாமல் போட்டுக்கொண்ட ஒன்றுக்காக இப்போது வருந்தத் தேவையில்லை.

கையைக் கட்டிவைத்து முழு ஓய்வு எடுப்பதும் சரியான வழியல்ல. சுமையே இல்லாத நாண் மேலும் வலுவிழக்கும். ஆறு வாரங்களுக்குக் கொத்துவதை மட்டும் நிறுத்திவிட்டு, கல்லில் போட்டு எடுப்பது போன்ற இலகுவான வேலைகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். கூடவே நாணை வலுப்படுத்த இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள்: முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியபடி மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்குமாறு உட்காருங்கள். இடது கையால் வலது புறங்கையை அழுத்த, அதை அசையவிடாமல் 30 முதல் 45 நொடிகள் எதிர்த்து நிற்க வேண்டும். இதை ஒரு நேரத்துக்கு ஐந்து முறை செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, வலது கையால் மட்டும் நான்கு நொடிகளில் மெல்ல இறக்குங்கள். பதினைந்து முறை வீதம் நாளுக்கு மூன்று சுற்று போதும். பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் அந்தக் கூடுதல் வலி நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இந்தப் பொறுமைதான் மருந்து மாத்திரைகளைவிடக் கடினமானது என்பதை நான் அறிவேன். அருகில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் முதல் சில நாட்கள் அவர் முன்னிலையில் செய்வது நல்லது. வலியுள்ள இடத்தை அழுத்தி நீவிவிடச் சொல்லாதீர்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நாண் ஆறுவது தாமதமாகும். சர்க்கரை அளவையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி கையில் இறங்கினாலோ, முழங்கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, இது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் எலும்பு மருத்துவரை நேரில் பாருங்கள்.

வேலையை விட வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே இது குணமாகிவிடுகிறது. ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றித்தான் ஆக வேண்டும். கரண்டியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய கைப்பிடியை அதிகம் இறுக்க வேண்டியிருக்கும். மாவு பிசையும் இயந்திரம் வாங்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். பாத்திரங்களை உள்ளங்கை மேல்நோக்கியபடி, முழங்கையை உடலோடு ஒட்டித் தூக்குங்கள். கொத்து வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரம் நாளுக்கு அரை மணி நேரம் என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கடையில் புதிதாக வேலை பழகும் பையன்கள் இருந்தால், அவர்களையும் முதல் நாளே முழு நேரம் கொத்த விடாமல் இப்படியே படிப்படியாகப் பழக்குங்கள்.