குளத்தங்கரைத் தபால்

நாங்குநேரிப் பக்கம் 34 வருடம் தபால்காரனாக சைக்கிள் மிதித்தவன் நான். ஊருக்கு ஊர் போகிற பாதையெல்லாம் பெரும்பாலும் குளத்துக் கரைதான். அந்தக் கரையில் போகும்போதும் வரும்போதும் பார்த்த பறவைகள், ஓய்வு பெற்றபின் முழுநேர வேலையாகிவிட்டன. இந்த மாதம் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எட்டாவது படிக்கும் என் மகள் பறவை பார்க்க பைனாகுலர் கேட்கிறாள். எது வாங்கலாம்? காடு மலையெல்லாம் அழைத்துப் போக எங்களுக்கு வசதியில்லை. — ஒரு தாய், விருதுநகர்

காடே வேண்டாம் அம்மா. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருந்தால் போதும். அதன் அடியில் ஆறேழு பறவைகள் கூட்டமாகச் சருகைப் புரட்டிக்கொண்டு, ஒன்றையொன்று ஏசுவது போல் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அதுதான் தவிட்டுக் குருவி. தலை வெளுத்து, அலகு மஞ்சளாக, கண் வெளிறிய நீலமாக இருந்தால் அது வெண்தலைச் சிலம்பன். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. அதைப் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது கொல்லைப்புறத்திலேயே கிடைக்கிறது.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். கூட்டத்தில் எத்தனை பறவை, எது மட்டும் இரை எடுக்காமல் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கிறது, பூனை வந்தால் சத்தம் எப்படி மாறுகிறது என்று எழுதட்டும். கூட்டத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டை வைத்த சுடலைக்குயில் வந்து போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது தவிட்டுக் குருவியின் கூட்டில்தான் முட்டையிடும்.

நோட்டு நிரம்பிய பிறகு பைனாகுலர் வாங்குங்கள். 8×42 என்று கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடியற்காலை மங்கலிலும் ஓரளவு தெளிவாகத் தெரியும். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விளம்பரம் செய்வதை வாங்காதீர்கள். கை ஆடுகிற ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம், பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வரப் பழக வேண்டும். அது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

அக்டோபரில் ஒருநாள் காலை எங்கள் வீட்டுத் திண்ணையில் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றினோம். மதியம் இறந்துவிட்டது. அது என்ன பறவை? — ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்

ஆறுமணிக்குருவி. அது வட இந்தியாவிலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அதனால்தான் இந்தப் பெயர். பயணம் செய்வது இரவில். வழியில் மழையோ காற்றோ அடித்தாலும், களைத்துப் போனாலும், விடியும்போது எந்த வீடு கீழே இருக்கிறதோ அங்கேயே இறங்கிவிடும். பார்த்தவுடன் காகங்கள் சூழ்ந்துகொள்ளும். ஐப்பசி வந்தால் எனக்கு இப்படி நாலைந்து போனாவது வரும்.

உங்கள் மேல் தவறில்லை. தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்கள். அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்: வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒரு செருப்புப் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதக் கையும் முகமும் அதற்குப் பெரிய பயம். பல பறவைகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் தேறிவிடும். சாயங்காலம் காகங்கள் அடையப் போகும் நேரத்தில், புதர் பக்கமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை எங்கள் வீட்டில் இப்படித் தேறிய ஒன்று, பெட்டியைத் திறந்ததும் விளிம்பில் ஏறி நின்றது. குட்டையான வாலை இரண்டு தடவை மெல்ல மேலும் கீழும் அசைத்தது. பிறகு கனகாம்பரச் செடிக்கு அடியில் இறங்கிச் சருகுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த விசில் கேட்டது. நானும் என் மனைவியும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டோம்.

கூந்தன்குளத்துக்கு எப்போது போகலாம்? ஊர்க்காரர்களே பறவைகளைக் காப்பாற்றுகிறார்கள் என்பது உண்மையா? — ஒரு வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

தை, மாசி, பங்குனி நல்ல மாதங்கள். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் கிளம்பும் முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத ஆண்டில் பறவையும் வராது.

உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதியோர் பணம் கொடுக்க அந்த ஊருக்குப் போவேன். ஓர் ஆச்சி வீட்டு முற்றத்து வேம்பில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஓடு, திண்ணை, துணி காயப்போடும் கொடி எல்லாம் எச்சத்தால் வெள்ளை. மீன் வாடை வேறு. ஆச்சி கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து பாதி செரித்த மீன் ஒன்று என் பைக்குப் பக்கத்தில் விழுந்தது. "கோவிச்சுக்கிடாதீங்க தம்பி, பிரசவத்துக்கு வந்திருக்கிற பிள்ளைங்க" என்றார். ஊரில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். தாய்வீட்டுக்கு வந்த மகளை எச்சம் போடாதே என்றா சொல்ல முடியும்? கூட்டிலிருந்து விழுந்த கூழைக்கடாக் குஞ்சுக்கு மீன் வாங்கி ஊட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஊர்க்காரர்களின் காவல் அதற்கு வெகு காலத்துக்கு முந்தியது. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ஏரியில் யாரும் பறவை சுடக் கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு அது உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்கு வெடி கிடையாது.

போகும்போது வரித்தலை வாத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். இமயமலையைத் தாண்டி வந்து நம் குளத்தில் மேய்கிற பறவை அது. கரையிலிருந்தே பாருங்கள். குளத்துக்குள் இறங்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் குளத்தை இளைஞர்கள் சேர்ந்து தூர்வாரப் போகிறோம். மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஆழமாக வெட்டி, கரையைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடத் திட்டம். பறவைகள் வர என்ன செய்யலாம்? — ஒரு கல்லூரி மாணவர், தென்காசி மாவட்டம்

தம்பி, முதலில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். சொந்தக் குளத்தைப் பற்றி யோசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இந்தத் திட்டத்தை அப்படியே செய்தால் பறவை வராது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பறவைகளின் காலைப் பாருங்கள். உள்ளானுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீரும் சேறும் வேண்டும். நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் கணுக்கால் ஆழத்தில் நடக்கும். நாரைக்கு முழங்கால் ஆழம். முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் ஆழத்தில் முங்கும். பழைய குளம் மடைப் பக்கம் ஆழமாகவும், தண்ணீர் வந்து சேரும் பக்கம் தட்டு மாதிரி சரிந்தும் இருக்கும். அதனால் எல்லாருக்கும் அதில் இடமிருந்தது. நீங்கள் பொக்லைன் வைத்துக் கிண்ணம் மாதிரி நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டினால், நீர்க்காகத்துக்கு மட்டும்தான் இடம் மிஞ்சும். ஆகவே கரையும் மடையும் உள்ள பக்கத்தில் ஆழப்படுத்துங்கள். எதிர்ப்பக்கத்துச் சரிவை விட்டுவிடுங்கள். ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் அந்தச் சரிவு வேண்டும்.

சீமைக்கருவேலத்தை எடுப்பது சரி. குளத்துக்குள் நிற்கிற நாட்டுக்கருவேலத்தை எடுக்காதீர்கள். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த முள்மரத்தில் பூனையும் நாயும் ஏறாது. கொக்கும் நீர்க்காகமும் நாரையும் அதில்தான் கூடு கட்டும். வெட்டிய மண்ணில் கொஞ்சத்தைக் குளத்துக்குள்ளேயே இரண்டு மூன்று திட்டாகக் குவித்து அதிலும் நாட்டுக்கருவேலம் நடலாம். சீமைக்கருவேலத்திலும் கூடு இருந்தால், குஞ்சு பறந்து போகும் வரை பொறுங்கள்.

விளக்கு வேண்டவே வேண்டாம். இரவில் இருட்டுதான் பறவைக்குப் பாதுகாப்பு. வக்கா என்னும் இராக்கொக்கு இருட்டிய பிறகுதான் இரைக்கே கிளம்பும். நடைபாதை வேண்டுமென்றால் ஒரு பக்கக் கரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலையும், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலையும் ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பாருங்கள். தண்ணீர் வந்து சேர வழியில்லாமல் குளத்தை மட்டும் வெட்டி ஒரு பயனுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குளத்தில் பளபளவென்று கல் பதித்த கரை இருக்கிறது. வரத்துக்கால் அடைபட்டு மூன்று வருடமாயிற்று. ஒரு நாமக்கோழிகூட இல்லை. போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கூட்டில் இருக்கும் பறவையைப் படம் எடுப்பதும், செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் தவறா? தூரத்தில் நின்றுதானே எடுக்கிறோம்? — ஒரு புகைப்பட ஆர்வலர், சென்னை

தவறு. குரலை ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று பறவை பதறி வரும். இரை தேடவும் அடைகாக்கவும் வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு கழிக்கும். கூடு பற்றி நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

1996 வைகாசி. வற்றிய குளத்தின் நடுவில் ஓர் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு விழுந்த முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்திருக்கும்படி அடுக்கியிருந்தன. வெயில் ஏறியதும் தாய் எஞ்சியிருந்த குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டை மேல் உட்காரும். பத்து நாளாகத் தினமும் சைக்கிளை நிறுத்திக் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் வெளியூரிலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். ஆசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இருபது நிமிடம் நின்றோம். ஆள்காட்டி இரண்டும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. ஒற்றைப் பனையில் இரண்டு காகங்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் நகரவில்லை.

மறுநாள் தபால் கொண்டு போகும்போது பார்த்தால் மூன்று முட்டை இல்லை. நாலாவதில் ஒரு துளை. தாய் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, கத்தாமல். அதற்குப் பிறகு நான் யாருக்கும் கூடு காட்டியதில்லை. உங்கள் லென்ஸ் எவ்வளவு நீளமாக இருந்தாலும், நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

செல்போன் கோபுரத்தால்தான் சிட்டுக்குருவி அழிந்ததா? — ஒரு வாசகர், ஈரோடு

அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. நாடு முழுவதற்குமான 2020 மதிப்பீட்டின்படி சிட்டுக்குருவி ஒட்டுமொத்தமாக நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. ஓட்டு வீட்டின் இடுக்கு போய்விட்டது, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைப்பதில்லை. தானியம் வைப்பதோடு நிறுத்தாமல், பூச்சிமருந்து அடிக்காத நாலு செடி வையுங்கள்.

பறவையை எண்ணி என்ன ஆகப் போகிறது? எண்ணினால் அது பெருகிவிடுமா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

நியாயமான கேள்வி சார். பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகை எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ் பாறுகளின் கூடுகளை 1980களிலேயே எண்ணி வைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணியபோது பெரும் சரிவு தெரிந்தது. அந்தப் பழைய எண்ணிக்கை இல்லாவிட்டால் யாருக்கும் நிரூபிக்க முடிந்திருக்காது. காரணத்தைத் தேடிப் போனதில், மாட்டுக்குப் போடும் டைக்குளோஃபெனாக் என்ற வலிநிவாரணி என்று தெரிந்தது. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. நம் மாநிலத்தில் மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அதனால்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறோம். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். காகம் 11, மடையான் 4, மைனா 6 என்று இருந்தாலே போதும். அபூர்வப் பறவை வேண்டியதில்லை. இன்று காகத்தை எண்ணி வைத்தால்தான் இருபது வருடம் கழித்து அது கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும். பட்டியலை ஈபேர்ட் என்ற செயலியில் ஏற்றலாம். செயலி பழக்கமில்லை என்றால் உங்கள் பழைய மாணவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் சார். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத மறக்காதீர்கள்.