நாஜி ஆட்சியில் யூதச் சமூகத் தலைவர்கள் உடன்பட்டது குற்றமா?

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்னும் குடியிருப்புகளின் யூத நிர்வாக சபைத் தலைவர்களைத் துரோகிகள் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சபைகளை அமைக்கச் செய்தவர்கள் ஜெர்மானியர்களே. பதவியை மறுத்தவரின் உயிருக்கும் உறுதியில்லை. இதை மறந்துவிட்டு எவரையும் எடைபோடுவது நியாயமாகாது.

போலந்தின் வார்சா கெட்டோ சபையின் தலைவராக இருந்த பொறியாளர் ஆதாம் செர்னியாகோவ், 1942 ஜூலை 22 அன்று கெட்டோ மக்களைக் கொலை முகாமுக்கு நாடுகடத்தும் ஆணை வந்தபோது, அநாதைக் குழந்தைகளையேனும் விட்டுவிடும்படி மன்றாடினார். அது பலிக்காமல் போகவே மறுநாள் நஞ்சருந்தி உயிர்நீத்தார். மக்களை எச்சரிக்காமல் தம் சாவைத் தம் சொந்த விஷயமாக்கிக்கொண்டார் என்று கெட்டோ எழுச்சியில் போரிட்ட மாரெக் எடெல்மான் பின்னாளில் அவரைக் குறைகூறினார். அந்த வருத்தம் நியாயமானதே என்று கருதுகிறேன், ஆயினும் குழந்தைகளை ஒப்படைக்கும் ஆணைக்குத் துணைபோக மறுத்த அந்த மனத்தை என்னால் பழிக்க இயலவில்லை.

போலந்தின் வூட்ஜ் நகர கெட்டோவின் சபைத் தலைவர் கைம் ரும்கோவ்ஸ்கி வேறு வழியில் சென்றார். உழைப்பால் ஜெர்மானியருக்குப் பயன்பட்டால் ஒரு பகுதியினராவது பிழைப்பார்கள் என்று நம்பிய அவர், 1942 செப்டம்பர் 4 அன்று மக்கள் முன் நின்று, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நாடுகடத்தலுக்குத் தந்துவிடும்படி பெற்றோரிடமே கேட்டார். அந்த கெட்டோ 1944 ஆகஸ்ட் வரை நீடித்தது. சோவியத் படை அதற்குள் வந்திருந்தால் பல்லாயிரம் பேர் தப்பியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் படை வரவில்லை, அவரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் மாண்டார்.

என் கணிப்பில், பிறர் பிள்ளைகளின் உயிரைப் பேரம் பேசும் உரிமை எந்தத் தலைவருக்கும் இல்லை. கொலைக்கான முழுப் பொறுப்போ ஆணையிட்டவர்களுடையது.