தூக்கத்தில் மட்டும்தான் வலிப்பு, லாரி ஓட்டலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பிக்கு 26 வயது. வலிப்புக்கு லெவெடிரசெட்டாம் மாத்திரை சாப்பிடுகிறான். கடைசியாக வந்து 14 மாதம் ஆகிறது, வந்ததெல்லாம் தூக்கத்தில்தான். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் எடுக்க ஆசை. ஃபாரத்தில் வலிப்பு 'இல்லை' என்று டிக் போட்டுவிடலாம், மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறாராம் ஏஜெண்டு. செய்யலாமா என்று கேட்கிறார்.

கூடாது அம்மா. இரண்டுமே கூடாது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், ஒரு வருடமாக அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்ப வரலாம். சிலருக்கு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். மெடிக்கல் சர்ட்டிபிகேட்டுக்கு யாரும் இந்த மாத்திரையை ரத்தத்தில் தேடப் போவதில்லை. இது தெரியாமலேதான் அந்த ஆள் உங்கள் தம்பியின் மூளைக்கு வைத்தியம் சொல்கிறார். இப்படி நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஏஜெண்டும் கூட வந்ததில்லை.

ஃபாரத்தின் உடல்தகுதிப் பகுதியில் முதல் கேள்வியே வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா என்பதுதான். டிக் போடுவது அவராக இருக்கலாம், கையெழுத்து உங்கள் தம்பியுடையது. நாளை விபத்து நடந்தால் கோர்ட்டில் நிற்பவனும் அவன்தான்.

ஆனால் ஒன்று. உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் இல்லை. எத்தனை வருடம் வராமல் இருந்தால் ஓட்டலாம் என்று நம் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பிரிட்டனில் தெளிவாக வைத்திருக்கிறார்கள்: கார் என்றால் ஒரு வருடம் வரக்கூடாது, லாரி, பஸ் என்றால் மாத்திரையே இல்லாமல் பத்து வருடம். நாம் ஆளைப் பொய் சொல்ல வைத்துவிட்டு அப்புறம் பொய் சொன்னான் என்கிறோம். எரிச்சலாக இருக்கிறது.

சரி, 'தூக்கத்தில் மட்டும்' என்கிறீர்களே, அதைப் பார்ப்போம். பிரிட்டனில் கார் ஓட்டுவதற்கு இதற்கென்று தனிச் சலுகை உண்டு, லாரிக்கு இல்லை. ஆனால் தூக்கத்தில் மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து, பிரஷ்ஷோ டீ கிளாஸோ தெறித்து விழுந்ததுண்டா என்று கேளுங்கள். சாப்பிடும்போது சில நொடி வெறித்துப் பார்த்திருக்கிறானா? உண்டென்றால் அதுவும் வலிப்பாக இருக்கலாம், விழித்திருக்கும்போதே வந்தது. பகலில் பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது வந்தது என்றால், அது தூக்கத்தில் வந்த கணக்கில்தான் சேரும். இத்தனைக்கும் சந்தை லாரி என்றால் நடுராத்திரியில் எழ வேண்டும். வலிப்பைக் கிளப்பும் முக்கியமான காரணங்களில் ஒன்று தூக்கம் கெடுவது. ஆகவே லாரியை மறந்துவிடட்டும். அதே சந்தையில் எடை போடலாம், கணக்கு எழுதலாம்.

பைக்? அவனைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் சரி என்று சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். அடுத்த முறை போகும்போது, வலிப்பு வந்தபோது யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் கொண்டு போங்கள். உடம்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டிராமடால் மட்டும் வாங்கிவிட வேண்டாம், அது வலிப்பைத் தூண்டும்.

ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போகட்டும். அவர் பேச்சைக் கேட்டுத் தம்பி ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டானா என்று இன்றே கேளுங்கள். நிறுத்தியிருந்தால் உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள்.