8.30-க்குப் படுத்தால் 2.30-க்கு விழிப்பு

கேள்வி: வயது 71. மேலூரில் மளிகைக் கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். இரவு 8.30-க்குப் படுத்தால் 2.30-க்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். மதியம் 2 மணி நேரம் படுப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறேன். தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடவே போடாதீர்கள். இந்த வயதில் அந்த மாத்திரைகள் தள்ளாட்டத்தைக் கொடுக்கும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு.

முதலில் கூட்டிப் பாருங்கள். இரவில் 6 மணி நேரம், மதியம் 2, ஆக 8. 65 வயதுக்கு மேல் 7, 8 மணி நேரம் போதும். உங்களுக்குத் தூக்கம் குறையவில்லை, நேரம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். வயது ஏறினால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் முந்திக்கொள்ளும், பொழுது சாய்ந்ததுமே கண் சொக்கும், விடியுமுன் முழிப்பு வரும். கடை இருந்தவரை ஷட்டரை இறக்கி, கணக்கு முடித்து, சாப்பிட்டுப் படுக்க எப்படியும் 10 மணி ஆகியிருக்கும். அந்தக் கட்டு போனதும் படுக்கையும் முன்னால் வந்துவிட்டது.

எல்லோரும் காலையில் நடக்கச் சொல்வார்கள், உங்களுக்கு நான் சாயங்காலத்தைத்தான் சொல்வேன். 5 மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் கிளம்பி கடைவரை நடந்து போய் இருட்டும்வரை மகனோடு உட்காருங்கள், அந்த நேரத்து வெளிச்சம் கண்ணில் படுவது கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளும், நாலு பேரோடு பேசினால் கண்ணும் சொக்காது. படுக்கையை ஒரே நாளில் 10 மணிக்குத் தள்ள வேண்டாம், 3 நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் தள்ளுங்கள். எப்போது தூங்கினாலும் காலை 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் மதியம் கண்ணை மூடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி, அரை மணி நேரம், அதுவும் 3 மணிக்குள், கட்டிலில் இல்லாமல் ஈசிசேரில். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள், அதன் வேகம் பாதி குறையவே 5 மணி நேரம் ஆகும்.

நடுவில் விழித்தால் மணி பார்க்காதீர்கள். தூக்கம் வராது என்று தெரிந்தால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். செல்போனைத் தொடவே வேண்டாம்.

சிறுநீருக்காக மூன்று நான்கு தடவை எழுகிறீர்களா, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆமாம் என்றால் இதெல்லாம் மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைக் காலையில் போடலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.