கோல்ஃப் ஆடுவதற்காக டெபாசிட்டை முடிக்கலாமா?

கேள்வி: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் நான். வயது 64. பாபநாசம் பக்கம் 3 ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். போன வருடம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, அந்த ஊர் நகராட்சி நடத்தும் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனான். வார நாளில் 18 ஹோல், அதாவது 18 குழி கொண்ட முழு ஆட்டத்துக்கு 35 டாலர், மாலை 3 மணிக்கு மேல் 20 டாலர். விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே நண்பர் ஒருவர், அவர் இருக்கும் மலை ஊர் கிளப்பில் 5 லட்சம் கட்டி என்னையும் சேரச் சொல்கிறார். மாதச் சந்தா 3,000. அவருடைய விருந்தினராகப் போனால் ஒரு ஆட்டத்துக்கு 3,000. வருடத்துக்கு 4 தடவை போவேன், ஒவ்வொரு தடவையும் 2 ஆட்டம் ஆடலாம். 2023 ஜூனில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டேன். அதிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள் ஐயா. ஆனால் கோல்ஃபை விடவும் வேண்டாம். பல வருடம் வகுப்பறையில் நின்றவர், இந்த வயதில் புல்வெளியில் நாலைந்து கிலோமீட்டர் நடக்க ஆசைப்படுவதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் டெபாசிட். இந்தத் திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடியாது. 5 லட்சம் வேண்டுமென்றால் 15 லட்சக் கணக்கையே முடிக்க வேண்டும். 2 ஆண்டு தாண்டி, 5 ஆண்டு முடிவதற்குள் முடித்தால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 15,000 ரூபாய். நீங்கள் போட்டபோது இருந்த 8.2 சதவீத வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வந்து சேர்கிறது, இல்லையா? அதில் 10,250 இந்த 5 லட்சத்தின் பங்கு. வருடத்துக்கு 41,000.

இதோடு சந்தாவையும் கூட்டுங்கள். வருடத்துக்கு 36,000. ஆக 77,000. 8 ஆட்டத்துக்கு வகுத்தால், ஒரு ஆட்டம் 9,625 ரூபாய் ஆகிறது. பஸ், ரயில், தங்கும் செலவு தனி. விருந்தினராக ஆடினால் அதே 8 ஆட்டத்துக்கு மொத்தமே 24,000தான். அதைத் தை அறுவடை முடிந்து வரும் குத்தகைப் பணத்தில் தனியாக எடுத்து வையுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் குத்தகைப் பணம் தள்ளிப்போகும், பாதிதான் வரும். அந்த வருடம் மலைப் பயணத்தை ரெண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தாவைக் குறைக்க முடியாது, போகாத மாதத்துக்கும் கட்டியாக வேண்டும். வரவு ஏறி இறங்கும் நம் டெல்டா குடும்பங்களுக்கு, ஆடிய அன்றைக்கு மட்டும் காசு என்ற ஏற்பாடுதான் பொருந்தும்.

அதைத்தானே அமெரிக்காவில் அனுபவித்தீர்கள்! பொது மைதானம் என்றால் மட்டம் என்று நண்பர் சொன்னால் நம்பாதீர்கள். சான் டியாகோ நகராட்சிக்குச் சொந்தமான டோரி பைன்ஸ் மைதானத்தில் 2008, 2021 ஆகிய இரண்டு வருடமும் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தது. அடுத்த முறை போகும்போது உள்ளூர்வாசிகளுக்கும் மூத்தவர்களுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். பல ஊர்களில் உண்டு. 3 மணிக்கு மேல் போங்கள், வண்டி எடுக்காமல் நடந்தே ஆடுங்கள், 9 ஹோலோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை.

மட்டைக்கும் பெரிய செலவு வேண்டாம். விதிப்படி 14 மட்டை வரைதான் வைத்துக்கொள்ளலாம், குறைந்தபட்சம் இத்தனை என்று எதுவும் இல்லை. பழைய அரை செட், ஆறேழு மட்டை, தாராளமாகப் போதும். பாபநாசத்தில் பயிற்சிக்குக் காசே தேவையில்லை. சம்பா அறுத்த வயலில் உளுந்து முளைத்திருக்கும், அங்கே இறங்காதீர்கள். தென்னந்தோப்பில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வைத்து அடித்துப் பாருங்கள், அது தூரம் போகாது. கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, 108 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். கோல்ஃப் குழியின் அளவு அதுதான். எட்டு அடி தள்ளி நின்று பந்தை அதற்குள் உருட்டப் பழகினால், மைதானத்தில் பல அடிகள் மிச்சம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அமெரிக்கா கிளம்பும் முன் விசிட்டர் இன்சூரன்ஸ் பாலிசியை முழுசாகப் படியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பல பாலிசிகளில் கட்டுப்பாடு உண்டு. மைதானத்துச் சரிவில் கால் பிசகி எலும்பு முறிந்தால் அங்கே வரும் பில், கிளப்பின் 5 லட்சத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். விளையாட்டின்போது படும் காயத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் பிரீமியம் கட்டுங்கள்.